திரையும் பொய்யும்: கெடிலம் முதல் கொள்ளிடம் வரை மாயை விசாரம்

வாரந்தோறும் இன்னது படிக்கலாம், இன்னது பார்க்கலாம், இன்ன தலத்துக்குப் போய் வரலாம் என்று வாசகர்களுக்குப் பரிந்துரை செய்யும் பகுதியொன்று இன்று ஏறக்குறைய எல்லாப் பத்திரிகைகளிலும் இடம்பெற்றுவிட்டது. அப்பகுதிக்கு மாயை என்பதையே பொருளாக வைத்துக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்து வாசகர் ஒருவர் தமக்கென ஒரு வாரத்து ஏற்பாட்டைச் செய்துகொள்ள முற்படுவாரானால், அவர் காசிக்கோ காலடிக்கோ போக வேண்டிய அவசியம் இராது. கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இச்சிறு நிலப்பரப்பிலேயே அவ்விஷயத்தைப் பற்றிய சாத்திரங்கள் எழுந்தன. அதனைக் கண்ணுக்குக் காட்டும் சபைகள் எழுந்தன. அதன் பொருட்டு மூண்ட வாக்குவாதமொன்று மஞ்சக்குப்பத்து நியாயஸ்தலத்தின் படியேறவும் செய்தது. தத்துவ நூல்களில் மட்டும் உலவக்கூடிய ஒரு சொல் ஒரு வட்டாரத்தின் கோயில், மடம், கூத்துக்களம், கச்சேரி, சிறைச்சாலை ஆகிய எல்லாவற்றிலும் இவ்வளவு ஆழமாகத் தோய்ந்திருப்பது சாதாரணமாகக் காணக்கூடியதன்று.

இவ்வளவு இடங்களிலும் மாயை ஒரே பொருளில்தான் பேசப்பட்டதா, அல்லது இடத்துக்கிடம் அதன் பொருள் வேறாகியதா என்பதே இங்கே ஆராயத்தக்க வினா. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு, உலகம் பொய், வாழ்வு நிலையற்றது, ஆதலால் இதனைத் துறந்து போவதே அறிவுடைமை என்னும் பொதுவான வைராக்கியப் பேச்சே எங்கும் கேட்பதுபோலத் தோன்றலாம். நூல்களையும் வழிபாட்டு முறைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினாலோ, இவ்வட்டாரத்துச் சிந்தனையின் பிரதான ஓட்டம் அதற்கு நேர்மாறான திசையில் சென்றிருப்பது புலப்படும். இங்கே தோன்றியவர்களுள் பெரும்பாலோர் மாயையைப் பொய் என்று தள்ளினாரல்லர். திரை என்று கண்டார்கள். பொய்யை மறுத்துவிட்டால் போதும், அத்துடன் காரியம் முடிந்துவிடும். திரையையோ விலக்கியாக வேண்டும், விலக்குவதற்குக் காலமும் பக்குவமும் கையும் வேண்டும். இந்த ஒரு வேற்றுமையிலிருந்து எத்தனையோ பெரிய விளைவுகள் கிளைத்திருக்கின்றன.

முதலில் மறுபக்கத்தின் கட்சியைச் சொல்லிவிடுவது நியாயம். ஆதிசங்கரரின் அத்வைத சித்தாந்தத்தில் மாயை என்பது உள்ளது என்றும் சொல்லவொண்ணாத, இல்லது என்றும் சொல்லவொண்ணாத ஒன்று. அநிர்வசனீயம் என்று அதனை அவர் மரபினர் குறிப்பிடுவர். அந்தி மயக்கத்தில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றுவதும், கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் வெள்ளியாக மின்னுவதும் அவர்கள் எடுத்தாளும் உதாரணங்கள். விளக்கு வந்ததும் பாம்பு எங்கும் ஓடிப்போவதில்லை, ஏனெனில் பாம்பு அங்கே எக்காலத்தும் இருந்ததில்லை. அங்ஙனமே பிரம்ம ஞானம் உதித்த மாத்திரத்தில் பிரபஞ்சம் தனிப்பொருளாக நில்லாது போகும் என்பது அவர்கள் கொள்கை. அம்மாயைக்கு மறைத்தல், வேறொன்றாகத் தோற்றுவித்தல் என்னும் இரண்டு சக்திகளை, ஆவரணம் என்றும் விக்ஷேபம் என்றும் பெயரிட்டு, தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் தமிழ் மக்களுக்கு எளிய நடையில் விளக்கியிருக்கிறது. பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டு வேதாந்த மடங்களில் பாடமாக நடந்துவரும் நூல் அது. மாயை வாரத்துக்குரிய பட்டியலில் எதிர்க்கட்சியின் சாட்சியாகவேனும் அதற்கு இடம் அளித்தே தீரவேண்டும்.

இனி, இவ்வட்டாரம் அளித்த விடைக்கு வருவோம். சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர் நால்வரும் பழைய தென்னார்க்காட்டு மண்ணோடு பிணைந்தவர்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தார் என்பது வரலாறு. அருணந்தி சிவாசாரியார் பண்ணுருட்டிக்கு அடுத்த திருத்துறையூரினர். மறைஞான சம்பந்தரும் அவர் மாணவராகிய உமாபதி சிவாசாரியாரும் தில்லைப் பகுதியில் விளங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களால் ஆன சிறு நூல். அதன் முதற் சூத்திரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால் நமது வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அவன், அவள், அது எனச் சுட்டிச் சொல்லப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கண்டு, அதனைத் தோற்றி ஒடுக்கும் கருத்தா ஒருவன் உண்டு என்று நிறுவுவதே அச்சூத்திரத்தின் போக்கு. கண்முன் நிற்கும் உலகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு கடவுளை நிரூபிக்கப் புகுந்தவர், அந்தச் சாட்சியே பொய்ச்சாட்சி என்று சொல்ல ஒருப்படுவாரா? உலகம் பொய்யாயின் அதனைக் கொண்டு பெறப்பட்ட முடிவும் உடன் சாயும். ஆகவே சித்தாந்திக்கு உலகம் உள்பொருள்; அதற்கு முதற்காரணமாகிய மாயையும், குடத்துக்கு மண்போல, உள்பொருள்.

அம்மாயையைச் சுத்தமாயை, அசுத்தமாயை, பிரகிருதிமாயை என மூன்றாகப் பகுத்து, அவற்றினின்று முப்பத்தாறு தத்துவங்கள் தோன்றும் முறையைச் சித்தாந்த நூல்கள் விரிவாகக் கூறும். அவ்விரிவு இங்கு வேண்டுவதன்று. வேண்டுவது ஒரு நுட்பம். உயிரைப் பிணித்திருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் உண்மையில் உயிரின் அறிவை மறைப்பது ஆணவமே. மாயையோ, அவ்வாணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் தந்து, சிறிதளவேனும் அறியவும் இயங்கவும் இடங்கொடுப்பது. சூரியன் உதிக்கும் வரையில் இருட்டறையில் ஏற்றி வைக்கப்பட்ட கைவிளக்குக்கு அதனை ஆசிரியர்கள் உவமையாக்குவர். கைவிளக்கைச் சூரியன் என்று நம்பிவிடுபவன் மயங்குகிறான் என்பது உண்மைதான். அதற்காக விளக்கைத் திருடன் என்று வைவது நன்றியன்று. அத்வைதத்தில் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட மாயை இங்கே ஊழியக்காரனாகிவிடுகிறது. அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பதினான்கு மதத்தாரை நிறுத்தி மறுக்கும்போது மாயாவாதியையும் அவ்வரிசையில் நிறுத்தியதும், உமாபதி சிவாசாரியார் 1313-ஆம் ஆண்டுக்குரியதாகக் கணக்கிடப்படும் சங்கற்ப நிராகரணத்தை மாயாவாதத்திலிருந்தே தொடங்கியதும் இக்கருத்து வேற்றுமையின் ஆழத்தைக் காட்டுவன.

உமாபதியாரைப் பற்றி வழங்கும் கதையொன்று இவ்விடத்தில் சொல்லத்தக்கது. தில்லைவாழ் அந்தணர் மரபினராகிய அவர், நடராசப் பெருமானுக்குப் பூசை முடித்துக்கொண்டு, கோயில் மரியாதையாகிய சிவிகையில், பட்டப்பகலில் தீவட்டி முன்செல்ல வீதியில் வருகிறார். திண்ணையொன்றில் இருந்த மறைஞான சம்பந்தர் அதைப் பார்த்து, செத்த மரத்தின்மேல் பகற்குருடு ஒன்று போகிறது என்னும் கருத்துப்படச் சொல்லுகிறார். சிவிகை மரத்தாலானது, ஆகையால் செத்தது. சூரியன் காயும்போது தீவட்டி பிடித்துக்கொண்டு போகிறவனுக்குக் கண் இல்லையென்றுதான் பொருள். அச்சொல் தைத்ததும் உமாபதியார் சிவிகையினின்று இறங்கி அவர் பின்னே சென்றுவிட்டார் என்பது கதை. சரித்திர ஆதாரம் எவ்வளவு என்று வினவுவாருக்கு நாம் விடை சொல்ல வேண்டியதில்லை; கதை எதனைக் குறிக்கொண்டது என்பதே கவனிக்கத்தக்கது. வெயில் பொய்யன்று, வீதி பொய்யன்று, தீவட்டியும் பொய்யன்று. பார்க்கிறவனுடைய கண்ணில்தான் கோளாறு. உமாபதியாரே பின்னர்த் திருவருட்பயனில் இருள்மல நிலையைப் பேசும்போது, புற இருளினும் ஆணவ இருள் கொடியது என்பதற்கு ஓர் அரிய காரணம் காட்டுகிறார்: புறத்திருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிக்கொள்ளும், ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். இருட்டில் இருக்கிறோம் என்பதையே உணராத இருட்டு! மயக்கத்தைப் பற்றி எத்தனையோ தேசத்து அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இக்குறளடிகளின் சுருக்கத்தோடும் கூர்மையோடும் சொன்னவர் சிலரே.

நூலில் கண்ட இப்பொருளைக் கண்ணால் காணச் சிதம்பரத்துக்குப் போகவேண்டும். சிற்சபையில் நடராசருக்கு வலப்பக்கத்தில் தொங்கும் திரை, வெளிப்புறம் கறுப்பும் உட்புறம் சிவப்புமாக அமைந்தது. தீபாராதனையின்போது அது விலக்கப்படுகிறது. எட்டிப் பார்ப்பவர் விக்கிரகம் எதையும் காண்பதில்லை. பொன்னாலாகிய வில்வமாலைகள் தொங்குவதும் அவற்றுக்குப் பின்னால் வெறும் வெளி இருப்பதுமே காட்சி. சிதம்பர ரகசியம் என்று ஊரெல்லாம் பேசுவது இதுதான். பேச்சுவழக்கில் விடை தெரியாத எந்தச் சங்கதிக்கும் நம்மவர்கள் சிதம்பர ரகசியம் என்று பெயரிடுவதுண்டு. மேல்நோக்காகப் பார்த்து ஒன்றுமில்லை என்று கைவிரித்துப் போகிறவர்களும் உண்டு. ஆனால் ஆகாசத்தையே திருமேனியாகக் கொண்ட தலத்தில், திரை விலகியபின் காணப்படுவது வெளியாக இருப்பதுதானே முறை? அஞ்ஞானத்தைக் குறிக்கும் கறுப்பு வெளியே பார்ப்பவர் பக்கம் இருப்பதும், திரை பார்ப்பவரை நோக்கித்தான் கறுப்பாக இருக்கிறது, உள்ளிருந்து நோக்கினால் அதுவே செம்மை என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கன.

பக்கத்தில் நின்றாடும் மூர்த்தி இதே பாடத்தை வேறொரு விதத்தில் நடத்துகிறார். கெடிலக்கரைத் திருவதிகையைச் சேர்ந்த மனவாசகங் கடந்தார், மெய்கண்டாரின் மாணாக்கர். மாணவன் கேட்க ஆசிரியர் விடையளிக்கும் முறையில் உண்மை விளக்கம் என்ற நூலைச் செய்தவர். ஐந்தொழில்களையும் நடராச வடிவத்தில் அவர் பொருத்திக் காட்டும்போது, உடுக்கையில் படைப்பும், அமைந்த கையில் காப்பும், தீ ஏந்திய கையில் அழிப்பும், தூக்கிய திருவடியில் அருளலும் வைத்து, ஊன்றிய திருவடியில் மறைத்தலை வைக்கிறார். திரோதானம் எனப்படும் அம்மறைப்பும் இறைவன் செய்யும் தொழிலே. உயிர் பக்குவப்படும் வரையில் உலகத்தில் அதற்குச் சுவை தோன்றும்படி உண்மையை மறைத்து வைத்திருப்பதும் கருணையின் ஒரு கூறு என்பது சித்தாந்தம். ஊன்றிய திருவடியின் கீழே முயலகன் கிடக்கிறான்; ஆனால் அவன் கொல்லப்படவில்லை, அழுத்தப்பட்டிருக்கிறான். தூக்கிய திருவடியை மட்டும் பார்த்து வணங்கித் திரும்புகிறவர்கள் ஊன்றிய திருவடியையும் ஒருகணம் நின்று பார்ப்பார்களானால், மறைத்தலும் அருளலும் ஒரே மூர்த்தியின் இரு கால்கள் என்பதைக் காண்பார்கள்.

சைவத்தின் மற்றொரு கிளையாகிய வீரசைவமும் இவ்வட்டாரத்தில் வேரூன்றியது; திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடம் அதற்குச் சான்று. அம்மரபினராகிய துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில், கன்னட நூலொன்றைத் தழுவி இயற்றிய பிரபுலிங்க லீலையில் மாயை ஒரு தத்துவமாக வாராமல் ஓர் அரசகுமாரியாகவே வருகிறாள். வனவசை நகரத்து மன்னன் மமகாரனுக்கும் அவன் மனைவி மோகினிக்கும் மகளாகப் பிறந்து, மத்தளம் வாசிக்க வந்த வீரசைவ ஞானி அல்லமப்பிரபுவைக் கண்டு காதல்கொண்டு, தன் எழிலும் கலையும் ஆகிய அனைத்தையும் செலவிட்டும் அவரைப் பற்றமாட்டாமல் தோற்கிறாள். எனது என்னும் எண்ணத்துக்கும் மயக்கத்துக்கும் பிறந்தவள் மாயை என்று வமிசாவளியே தத்துவமாகிவிட்ட அழகு ஒருபுறமிருக்க, தோற்ற அவளிடத்தில் வாசகனுக்கு இரக்கம் பிறக்குமாறு கவிஞர் அவளைப் படைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. மாயையை ஒரு பாத்திரமாக நடமாடவிட்டு, அவளுக்கு ஆசையும் ஏமாற்றமும் கொடுத்த காவியம் இது. ஞானியார் மடத்தின் ஐந்தாம் பட்டத்தில் வீற்றிருந்த சிவசண்முக மெய்ஞ்ஞான சிவாசாரிய சுவாமிகள் (1873–1942) வீரசைவ மடாதிபதியாக இருந்துகொண்டே 1905-இல் சைவ சித்தாந்த மகாசமாஜம் தோன்றத் தூண்டுகோலாக நின்றார். இவ்விரு மரபுகளும் இங்கே ஒன்றையொன்று பகைக்காமல் வளர்ந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பகையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய சமயச் சண்டை இவ்வட்டாரத்தில்தான் மூண்டது. அதுவும் மயக்கத்தைப் பற்றியதே. தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் 1867-இல் வள்ளலார் எனப்படும் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயருடன், திருமுறை வகுப்புடன் வெளிவந்தபோது, தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயரையும் பகுப்பையும் இக்காலத்துப் பாடல்களுக்குச் சூட்டுவது தகுமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெகுண்டெழுந்தார். போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அருட்பா அன்று மருட்பா என்ற கூக்குரல் எழுந்தது. நாவலருக்கும் தில்லைத் தீட்சிதர்களுக்கும் ஏற்கெனவே இருந்த பிணக்கு இதனுடன் கலந்தது. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டமொன்றில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வந்தது. அவ்வழக்கைப் பற்றி இரு தரப்பாரும் சொல்லும் கதைகள் வேறுவேறு. வள்ளலார் மன்றத்தினுள் நுழைந்தபோது அவையினர் எழுந்து நின்றனர், நாவலரும் தம்மையறியாமல் எழுந்தார், பகைவரே வணங்கும் ஒருவர்மீது என்ன வழக்கு என்று நீதிபதி தள்ளிவிட்டார் என்பது அன்பர்கள் பரம்பரையாகச் சொல்லிவருவது. நாவலர் தரப்பு வரலாறுகள் வழக்கின் போக்கை வேறாகச் சொல்லும்.

நமது ஆராய்ச்சிக்கு அதனினும் முக்கியமானது வேறொன்று. அந்நிய துரைத்தனத்தின் நியாயஸ்தலம் விசாரிக்கத்தக்கது அவதூறு ஒன்றுதான். பாடல் அருளில் பிறந்ததா மருளில் பிறந்ததா என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தைக் கொண்டு தீர்ப்பது? ஆகையால் வழக்கு முடிந்தும் வாதம் முடியவில்லை. நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கமும், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் வள்ளலார் பக்கமும் நின்று இருபதாம் நூற்றாண்டிலும் அதனை நடத்தினார்கள். இஸ்லாமியராகிய பாவலர் அருட்பாவுக்காக மேடைமேடையாக வாதாடியது தமிழ்ச் சரித்திரத்தின் அழகான பக்கங்களில் ஒன்று. இரு தரப்பாரும் மாறிமாறி வீசிய கண்டனங்களை ப. சரவணன் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். அத்தொகுப்பைப் புரட்டுவோருக்கு ஓர் உண்மை தெளிவாகும்: வாதிட்ட ஒவ்வொருவரும் மயக்கம் எதிரியினிடத்தில் இருப்பதாகவே கண்டார்கள், தம்மிடத்தும் அது இருக்கலாமோ என்ற ஐயம் எவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. தன்னையே மறைத்துக்கொள்ளும் இருள் என்று உமாபதியார் சொன்னதற்கு இதனினும் நல்ல உரை வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தில் கேட்கப்பட்டு விடைபெறாத வினாவுக்கு, மூன்றே ஆண்டுகள் கழித்து வடலூரில் ஒரு கட்டடம் விடையளித்தது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-இல் பிறந்து, சென்னையில் வளர்ந்து, கருங்குழியிலும் வடலூரிலும் வாழ்ந்த வள்ளலார், 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் முதல் வழிபாட்டைத் தொடங்கினார். எண்கோணமாக அமைந்த அச்சபையில், கண்ணாடிக்குப் பின்னே எரியும் ஜோதியை ஏழு திரைகள் மறைத்திருக்கின்றன. கறுப்பு மாயாசக்தி, நீலம் கிரியாசக்தி, பச்சை பராசக்தி, சிவப்பு இச்சாசக்தி, பொன்மை ஞானசக்தி, வெண்மை ஆதிசக்தி, பல வண்ணமும் கலந்த கடைசித் திரை சிற்சக்தி. மாதப் பூசங்களில் ஆறு திரைகளே நீக்கப்பெறும். ஏழும் நீங்குவது தைப்பூசத்தன்று மட்டும். பலர் இதனை ஏழு மாயைகள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பெயர்களைக் கவனித்துப் பார்த்தால் மாயைக்கு உரியது முதற்றிரை ஒன்றே என்பதும், ஏனைய ஆறும் அருளின் சக்திகளாகவே பெயர்பெற்றிருப்பதும் விளங்கும். ஞானமே ஒரு திரையாக நிற்கிறது! தில்லையில் ஊன்றிய திருவடி சொன்னதைத்தான், சித்தாந்தத்தின் வரம்புகளை மீறிப் போய்விட்டவர் என்று கருதப்பட்ட வள்ளலாரும் துணியில் எழுதிக் காட்டினார். 1873-ஆம் ஆண்டு அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி நிகழ்த்திய பேருபதேசத்தில், வேத ஆகமங்களிலும் வேதாந்த சித்தாந்தங்களிலும் கூட லட்சியம் வைக்க வேண்டாம் என்று அவர் தம் அன்பர்களுக்குச் சொன்னது இந்தத் திரைகளின் முறையிலேயே பொருள்படும். உயர்ந்த நூலும் ஒரு கட்டத்துக்கு மேல் திரைதான்.

இவ்வளவும் தத்துவம். இதன் பயன் சபைக்கு அருகே அடுப்படியில் இருக்கிறது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. சாதியும் ஊரும் கேளாமல் பந்தியில் இலை போடுகிறார்கள். உலகம் பொய் என்றால் பசியும் பொய். பசி பொய் என்றால் சோறு போடுவது வீண் வேலை. வள்ளலார் தமது ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இத்தகைய ஆட்சேபத்தையே எடுத்துக்கொண்டு விடை கூறுகிறார். முன்வினைப்படி பசித்துக் கிடப்பவனுக்குச் சோறிடுவது தெய்வக் கட்டளைக்கு விரோதமாகாதோ என்று கேட்பாருக்கு, கொடிய குற்றவாளியையும் சிறையிலிட்ட அரசன் தன் சேவகர்களைக் கொண்டு அவனுக்கு ஆகாரம் கொடுப்பிக்கிறான் அல்லவா என்று அவர் நியாயம் காட்டுவது, நீதிமன்றமும் சிறைச்சாலையும் தலையெடுத்திருந்த ஜில்லாவில் இருந்தவருக்கு இயல்பாக வந்த யுக்தி. பசியையே, உயிர்களிடத்து இரக்கத்தை உண்டாக்கும் பொருட்டு வைத்த உபகாரக் கருவி என்றும் அவர் சொல்லுகிறார். உலகத்தை மெய்யென்று கொண்ட பழைய சித்தாந்தம், ஆறு நூற்றாண்டுகள் நடந்து வந்து, இங்கே ஒரு கரண்டிச் சோறாகப் பரிமாறப்படுகிறது.

படித்தவர் வட்டத்துக்கு வெளியே இப்பொருளைக் கொண்டுசென்றது தெருக்கூத்து. தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில், சித்திரை முதல் ஆடி வரையில் இரவிரவாக நடக்கும் கூத்தில், பாத்திரம் களத்துக்கு வரும் முறையே ஒரு மாயை விசாரம் எனலாம். இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் கிரீடத்தின் நுனியும் ஆடும் காலும் மட்டும் தெரிய, சலங்கை ஒலிக்க, நடிகர் தம்மை அறிவித்துக்கொண்டு பாடுவார். கட்டியக்காரன் வெளியே நின்று நீர் யார், எவ்வூர் என்று கேலியாகக் கேள்வி கேட்பான். திரை விலகும்போது பக்கத்துத் தெருக் குடியானவர் துரியோதனனாகி நிற்பார். அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அஞ்சுவார்கள், அழுவார்கள். இராசசூய யாகக் கதையில், மயன் சமைத்த மண்டபத்தில் தண்ணீரைத் தரையென்று மிதித்து நனைந்தும், தரையைத் தண்ணீரென்று அஞ்சி ஆடையைத் தூக்கியும் துரியோதனன் படும் அவமானம் பாரதப் போருக்கே வித்தாயிற்று. அர்ச்சுனன் தபசுக் கூத்தில் வேடனாக வந்த சிவனைக் காண்டீபம் ஏந்தியவன் அடையாளம் காணமாட்டாமல் அடித்துவிடுகிறான். அத்தபசின் பயனாகிய பாசுபத அஸ்திரத்தை அவன் பெற்ற தலமாகப் போற்றப்படும் திருவேட்களம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருக்கிறது. சிதம்பரம் வரையில் வந்தவர்கள் பெரும்பாலும் அதனைக் காணாமலே போய்விடுகிறார்கள்.

தற்கால இலக்கியமும் இவ்வினாவை விட்டுவிடவில்லை. புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதியார் 1918-ஆம் ஆண்டு நவம்பரில் கைதாகிக் கடலூரில் சிறைவைக்கப்பட்டு டிசம்பர் 14-இல் விடுதலை பெற்றார். உலகத்தை நோக்கி, நீங்களெல்லாம் வெறும் தோற்றந்தானா என்று வினவும் பாட்டைப் பாடியவர் அவர். மாயையைப் பழித்து ஒரு பாட்டும் பாடியிருக்கிறார். உலகம் பொய் என்னும் சாஸ்திரத்தைச் சந்நியாசிகள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கட்டும், குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த வார்த்தை பொருந்துமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. அத்வைதத்தில் ஊறியவராகிய பாரதியார் வேறு வழியில் நடந்து வந்து, மெய்கண்டார் நின்ற படித்துறைக்கே வந்து சேர்ந்தது வியப்புக்குரியது. திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன், தம் கடைசிக் காலத்துக் கதைகளில் ஒன்றுக்கு வேதாந்திகளின் பழைய உதாரணத்தையே எடுத்துக் 'கயிற்றரவு' என்று பெயரிட்டார். காலம், நான் என்னும் இரண்டையும் பிடித்து உலுக்கும் அக்கதையில் ஆறுதல் சொல்ல எந்தச் சாத்திரமும் முன்வருவதில்லை. மஞ்சக்குப்பத்திலேயே 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், 'விழுதுகள்' என்னும் குறுநாவலில் ஓங்கூர்ச் சாமியார் என்ற விசித்திரமான ஞானியைப் படைத்து, பைத்தியத்துக்கும் தெளிவுக்கும் இடையிலுள்ள கோட்டை அழித்து அழித்து எழுதிப் பார்த்தார்.

அத்வைதிகள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். தங்கள் ஆசாரியரும் விவகார தசையில் உலகத்தை மறுத்தாரல்லர், பாரமார்த்திகத்தில் மட்டுமே அது நில்லாது என்றார். ஆதலால் சித்தாந்திகள் மறுத்தது அவரை அன்று, அவரைப் பற்றித் தாங்கள் கற்பித்துக்கொண்ட உருவத்தைத்தான் என்று அவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் ஒரு கொள்கையின் வலிமை அதன் பாஷ்யத்தில் இருப்பது ஒரு பங்கானால், அது மக்கள் வாழ்க்கையில் எவ்வாறு இறங்கியது என்பதில் இருப்பது மற்றொரு பங்கு. எல்லாம் மாயை என்ற பேச்சு சாமானியர் வாயில் பெரும்பாலும் சோர்வுக்கும், பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்கும் சமாதானமாகவே பயன்பட்டு வந்திருக்கிறது. திரை என்ற கொள்கைக்கு அப்படிப்பட்ட சௌகரியம் கிடையாது. அது பார்ப்பவனைத் தன் கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுகிறது. எதிரே இருப்பதை மெய்யென்று மதிக்கச் சொல்லுகிறது.

ஆகவே, இப்பொருளில் ஒரு வாரத்தைச் செலவிட விரும்பும் அன்பர் கைவல்ய நவநீதத்தையும் உண்மை விளக்கத்தையும் எதிரெதிரே வைத்துப் படிக்கலாம். இரண்டும் சிறு நூல்கள், நாலைந்து மாலைகளில் முடியும். இளைப்பாறுதலுக்குப் பிரபுலிங்க லீலையில் மாயையின் கோலாகலத்தைப் பார்க்கலாம். ஒருநாள் சிதம்பரம் சென்று, ரகசியத்தைத் தரிசித்த கையோடு திருவேட்களத்தையும் கண்டு வரலாம். கூத்து நடக்கும் காலமாயின் ஓரிரவு விழிப்பது வீணாகாது. அதற்கு மறுநாள் 'கயிற்றரவு' படிப்பவருக்கு அக்கதை முன்னினும் கூர்மையாகத் தைக்கும். பூச நாளாயின் வடலூருக்குப் போவது சிறப்பு. பூசம் அல்லாத நாளிலும் தருமச்சாலையில் பந்தி உண்டு. அங்கே போகிறவர் உண்டுவிட்டுத் திரும்புவதோடு நில்லாமல், ஒரு வேளையேனும் இலை எடுக்கவோ பரிமாறவோ முன்வருவாராக. மற்ற ஆறு நாட்களும் படித்ததை அவர் எவ்வளவு விளங்கிக்கொண்டார் என்பதைச் சோதிக்க அதனினும் தக்க இடம் இவ்வட்டாரத்தில் இல்லை.